மெஷின் முழிக்கும் முகம்

அவள் செருப்பைக் கழற்றிவிட்டால் அதன் மூக்கு வெளியே பார்த்துத்தான் இருக்கும். வாசலுக்கு வந்ததும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, செருப்பைத் தெருவைப் பார்த்த மாதிரி விட்டுவிட்டு, அப்புறம்தான் உள்ளே வருவாள். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"போறப்போ சுளுவா இருக்கும், பெரிம்மா" என்றாள்.

வரும்போதே போவதை நினைக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. கடைக்குப் போர்டு உண்டு. ஆனால் பெயின்ட் இல்லை; கறுப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதியது. சாரல் அடித்தால் அழிந்துவிடும். மறுநாள் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதுவாள். ஒரு பெயின்டரைக் கூப்பிட்டு எழுதிவிட்டால் ஆயுசுக்கும் நிற்குமே என்றேன். "நின்னுடுமே பெரிம்மா, அதான் பயம்" என்றாள். அந்தப் பலகையில் அவள் தன் பெயரை எழுதியதில்லை. நானும் இங்கே எழுதவில்லை. கேட்காமல் எழுதினால் அவளுக்குப் பிடிக்காது.

காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண் என்று சொன்னார்கள். தாமலில் கட்டிக் கொடுத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். கட்டிக் கொடுக்கவே இல்லை என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு இப்படி இரண்டு பேச்சு பிடிக்காது. நேராகவே கேட்டுவிட்டேன், "உனுக்குக் கல்யாணம் ஆச்சா, ஆவலியா?"

"இப்போதிக்கு இல்ல, பெரிம்மா."

இதில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆகி முடிந்துவிட்டதா, இனிமேல் ஆகுமா? எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் "இன்னிக்கு நல்லா கீறேன்" என்றுதான் சொல்வாள். நேற்றும் நாளையும் அவள் கணக்கில் வராது.

நான் அப்படி இல்லை. சொன்னால் சொன்னதுதான். எங்கள் ஊர் மகளிர் பால் சொசைட்டிக்கு நான் தலைவி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் படிப்பு இல்லை. அதைச் சொல்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. என் மாட்டுப் பாலைப் பார்த்துவிட்டு யாராவது என் படிப்பைக் கேட்டார்களா?

அந்த சொசைட்டி எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். முன்பெல்லாம் நாங்கள் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்து ஊரில்தான் பால் ஊற்றினோம். அங்கே பெரிய தெருக்காரர்களின் சொசைட்டி. எங்களைக் கடைசியில் நில் என்று யாரும் வாயால் சொன்னதில்லை. விடியுமுன் போய் முதல் ஆளாக நிற்போம். பெரிய தெருவிலிருந்து ஒரு அம்மா சாவகாசமாக வருவார், எங்களுக்கு முன்னால் போய் நிற்பார். அவரைப் பார்த்து இன்னொருவர். இப்படியே எங்கள் தெருப் பெண்கள் நகர்ந்து நகர்ந்து கடைசிக்குப் போய்விடுவோம். சில நாள் எங்கள் முறை வருமுன் லாரி புறப்பட்டுவிடும். பாலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு கரை மேல் நடந்து வருவோம். கனம் பாலில் இல்லை.

அலைந்து திரிந்து, மனு மேல் மனுவாகப் போட்டு, எங்கள் தெருவிலேயே ஒரு சொசைட்டி வாங்கினோம். ஒரு அறை, ஒரு தராசு, பாலின் கொழுப்பைச் சொல்லும் மெஷின், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து நிற்கும் ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் முழித்தால்தான் தராசு பேசும், கொழுப்பு மெஷின் பேசும். காலையில் லாரி வருமுன் அது முழித்துவிட வேண்டும். எங்கள் வசந்தாதான் செக்ரெட்டரி, பன்னிரண்டாவது படித்த பெண். பூட்டைத் திறந்து மெஷினைப் போடுவது அவள் வேலை.

ஒரு தடவை மேலாபீஸிலிருந்து ஓர் ஆள் வந்து, மெஷினுக்குள் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக ஏதோ போட்டுவிட்டுப் போனார். போகிற அவசரத்தில் தன் பென்டிரைவை அதிலேயே மறந்துவிட்டார். திரும்ப வந்து கேட்கவும் இல்லை. சும்மா கிடக்கிறதே என்று வசந்தா அதில் அம்மன் பாட்டுகளை ஏற்றினாள். ஆடி மாதம் வந்தது. செவ்வாய், வெள்ளியில் மெஷினைப் போடுமுன் ஒரு கற்பூரம் காட்டி, அந்தப் பென்டிரைவைச் சொருகி, அப்புறம் பொத்தானை அமுக்குவது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். யார் முகத்தில் முழிக்கிறோம் என்பது மனுஷருக்கே பெரிய விஷயம். எங்கள் பிழைப்பே அந்த மெஷின்தான். அது எழுந்ததும் சாமி முகத்தில் முழிக்கட்டும் என்று நினைத்தோம். இதில் என்ன தப்பு?

முதல் வெள்ளிக்கிழமையே மெஷின் முழிக்கவில்லை. கறுப்பாக நின்றது. மூலையில் ஒரு கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வசந்தா அணைத்துப் போட்டாள், அணைத்துப் போட்டாள். லாரிக்காரர் ஆரன் அடித்தார், அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மெஷின் பேசாவிட்டால் என்ன, வெள்ளிக்கிழமை பாட்டு நிற்கக் கூடாது என்று பென்டிரைவை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியில் சொருகிப் பாட்டைப் போட்டோம். அன்றைக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தயிர். யாருக்குக் கொடுப்பது? எல்லார் வீட்டிலும் தயிர்தானே இருக்கிறது.

வெயில் ஏறிய பிறகு அவள் ஸ்கூட்டரில் வந்தாள். செருப்பைத் திருப்பி விட்டாள். பொத்தானை அமுக்கினாள். மெஷின் சமர்த்தாக முழித்துக்கொண்டது.

"நல்லாத்தானே கீது?" என்றாள்.

"காத்தால இப்டி இல்லக்கா. சாமி சத்தியமா கறுப்பா நின்னுச்சு" என்றாள் வசந்தா.

அவள் மெஷினைச் சுற்றிப் பார்த்தாள். ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தாள். சொருகும் துளைகளைப் பார்த்தாள், எல்லாம் காலியாக இருந்தன. "வேலைக்குன்னு இதுல எதனா சொருகுவீங்களா?" என்று கேட்டாள்.

"வேலைக்கு ஒண்ணும் சொருகறது இல்லக்கா."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். வேலைக்கு ஒன்றும் சொருகுவதில்லை என்பது நிஜம்தான்.

மெஷின் எழும்போதே ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்தால் அதன் அடிமட்டத்துக்கு ஒரு வாசல் திறக்குமாம். எல்லா மெக்கானிக்கும் அந்த வழியாகத்தான் போவார்களாம். அந்த மேலாபீஸ் ஆள் அதற்கு ஒரு ரகசியச் சொல் வைத்துப் பூட்டிவிட்டார். அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. "சரி, நாம உள்ள இருந்தே கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு, திரையில் இருந்த படங்களையெல்லாம் மறைத்து ஒரு கறுப்புப் பலகை மாதிரி கொண்டுவந்தாள். படம் இல்லை, பொத்தான் இல்லை. ஒரு சொல்லைத் தட்டினாள். வெள்ளை எழுத்தில் நாலைந்து வரி வந்தது.

"இது இன்னாது?"

"மெஷினு முழிக்கறப்போ எத மொதல்ல பாக்கணும், எத அப்பால பாக்கணும்னு ஒரு வரிச கீது பெரிம்மா. அது மெஷினோட அடியில எழுதி வெச்சிருக்கு. அத்த காட்டுன்னு கேட்டேன், காட்டுது." விரலை வைத்துப் படித்தாள். "மூணு, பூஜ்யம், ஒண்ணு."

"மூணுக்கப்புறம் பூஜ்யமா? இன்னா எண்ணிக்க இது?"

"அது பேரு மாதிரி. மூணுன்னா வெளியிலேர்ந்து சொருகற குச்சி. பூஜ்யம்னா உள்ள கீற டிஸ்க்கு, உங்க வேலையெல்லாம் அதுலதான் கீது. ஒண்ணுன்னா நெட்டு வர்ற ஒயரு. குச்சி கீதான்னு மொதல்ல பாக்கும். இல்லன்னா டிஸ்க்குக்குப் போவும்."

வரிசை என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. வரிசையைப் பற்றி எங்கள் தெருவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். "வேல டிஸ்க்குலதான் கீதுன்னா அத்த மொதல்ல நிறுத்து. எதுக்குக் குச்சி முன்னாடி நிக்குது?"

"அந்த ஆளு அப்டி வெச்சிருக்காரு. எதுக்கு வெச்சாருன்னு தெரியாம நான் எப்டி மாத்தறது?"

"உனுக்கு மாத்தத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஒரு எய்த்து வித்தியாசந்தான்." காட்டினாள். அதே சொல்லுக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால், அடுத்த தடவை முழிக்கும்போது மட்டும் அவள் சொன்னதைப் பார்க்கும். அதற்கடுத்த தடவை தானாகப் பழைய வரிசைக்கே போய்விடும். இன்னோர் எழுத்து, கோழிமுட்டை மாதிரி உருண்டையாக இருக்கும், அதைச் சேர்த்தால் வரிசையே நிலையாக மாறிவிடும். அவள் முட்டையைத் தொடவில்லை. மற்றதைத் தட்டினாள்.

"இந்த ஒரு வாட்டிக்கு மட்டும் டிஸ்க்க மொதல்ல பாக்கச் சொல்லிக்கீறேன். பாப்பம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பழுது பார்க்க வந்தவள் பழுதை அரை நாளைக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போகிறாள். ஓட்டை வாளியை அடைக்கக் கொடுத்தால், ஒரு தடவை தண்ணீர் மொள்ளும் அளவுக்கு அடைத்துத் தருகிறேன் என்று எவனாவது சொல்வானா?

அவள் எல்லாவற்றிலும் அப்படித்தான் என்பது பழகப் பழகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் நாஷ்டா சாப்பிடு என்றால் "இன்னிக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு உட்காருவாள். அடுத்த தடவையும் அதே பேச்சு. ஒரு நாள் எனக்குத் துணையாக ஜவுளிக்கடைக்கு வந்தாள். ஒரு புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள், நின்று பார்த்தாள், நடந்து பார்த்தாள், வெளிச்சத்தில் போய்ப் பார்த்தாள். கடைக்காரர் மடிக்கவே கிளம்பிவிட்டார். "நல்லாத்தான் கீது, இன்னொரு வாட்டி வந்து பாக்கறேன்" என்று இறங்கிவிட்டாள். அவள் வாங்கியிருந்தால் நான் இவ்வளவு நாள் அந்தப் புடவையை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். மாம்பழ நிறம், மெல்லிய கரை.

சனி, ஞாயிறு, திங்கள் மெஷின் ஒழுங்காக முழித்தது. செவ்வாய்க்கிழமை திரும்பவும் கறுப்பு. லாரி திரும்பவும் காலியாகப் போனது. வெயில் ஏறி அவள் வந்து பொத்தானை அமுக்கினால் முழித்துக்கொண்டது; அதே கேள்வியைக் கேட்டாள், அதே பதிலைச் சொன்னோம். சாயங்காலம் லாரி அனுப்பும் ஆபீசர் வந்தார். கெட்டவர் இல்லை; சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரு வாட்டி லாரி காலியா போச்சுன்னா, இங்க கலெக்‌ஷன் கிடையாதும்மா. கரைக்கு அந்தப் பக்கம் போயி ஊத்திக்குங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

கரைக்கு அந்தப் பக்கம். எங்கள் பெண்கள் யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆபீசர் போனதும் வசந்தா மெல்லச் சொன்னாள்: "செவ்வா வெள்ளிலதான் நின்னு போவுது, கவனிச்சீங்களா அத்தே? ஆத்தாவுக்கு நம்ம மேல ஏதோ கொற. வர்ற வெள்ளிக்கு மெஷினுக்குச் சந்தனம் பூசி, பொங்கல் வெச்சு, நல்லா செய்வோம்." எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். வேறு என்ன புரிந்தது எங்களுக்கு?

ஆனாலும் புதன்கிழமை நானே உத்திரமேரூர் போய் அவள் கடையில் நின்றேன். மேஜை மேல் யாருடைய லேப்டாப்போ வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது.

"வந்து அந்த முட்டை எய்த்தத் தட்டு. நிலையா மாத்திடு. எங்க பொயப்பு போவுது" என்றேன்.

"எதனால நிக்குதுன்னு கண்ணால பாக்காம நிலையா எதையும் மாத்த மாட்டேன் பெரிம்மா. நான் மாத்தி, அதனால வேற ஒண்ணு நின்னு போச்சுன்னா? நான் பாக்கறப்பல்லாம் அது நல்லாத்தானே கீது."

"அப்போ நாங்க பொய் சொல்றமா?"

"இல்ல. நீங்க பாக்கறது எனக்குத் தெரியல. நான் பாக்கறது உங்களுக்குத் தெரியல. அவ்ளோதான்."

"எதையும் ஒரு வாட்டிக்குன்னு செய்யறியே, எதுக்குத்தான் நீ நிலையா நிப்ப?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவள் கையிலிருந்த திருகாணியை மேஜை மேல் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

"வெள்ளிக்கெய்ம நீங்க பூட்டத் தொறக்கறதுக்கு முன்னாடி அங்க வந்து குந்திக்கினு இருக்கேன். அது போதுமா?"

வந்தாள். எங்கள் பெண்கள் குளித்து, தலையை முடிந்துகொண்டு, பால் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். அறைக்குள் சாம்பிராணிப் புகை. மெஷினுக்கு மூன்று இடத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். அவள் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கிண்டல் இல்லை, கை கட்டிக்கொண்டுதான் நின்றாள். வசந்தா கற்பூரம் காட்டினாள். அம்மன் படத்தின் காலடியிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷினில் சொருகினாள். பொத்தானை அமுக்கினாள்.

கறுப்பு. மூலையில் அந்தக் கோடு சிமிட்டியது.

"இரு. அது இன்னா?" என்றாள் அவள்.

"எது?"

"இப்போ சொருகினியே."

"சாமி பாட்டுக்கா."

"எப்பவும் சொருகுவியா?"

"எப்பவும் இல்ல. செவ்வா வெள்ளி."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். "வேலைக்கு எதனா சொருகுவீங்களான்னு எத்தினி வாட்டி கேட்டேன், வசந்தா?"

"வேலைக்குத்தானக்கா கேட்டீங்க. இது வேல இல்லியே. சாமி."

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பென்டிரைவ் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மேலாபீஸ் ஆள் விட்டுப்போனது என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் மெஷினைப் புதுசு பண்ணக் கொண்டுவந்த குச்சி அது. அவர் வேலையின் மிச்சம் அதற்குள் பாதி இருக்கிறது, பாட்டு பாதி இருக்கிறது. குச்சியை முதலில் பார் என்று வரிசையில் எழுதியிருப்பதால் மெஷின் அதற்குள் போகிறது. முழு வழி இல்லை, பாதி வழியில் நின்றுவிடுகிறது. நாங்கள் பாட்டுக்காகக் குச்சியை எடுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. அவள் வரும்போதெல்லாம் குச்சி ஸ்பீக்கரில் இருந்தது.

ஏரிக்கரை மேல் லாரியின் ஆரன் கேட்டது.

"எடுத்துட்டுப் போடறேன்" என்று அவள் கையை நீட்டினாள். "ஐயோ, கற்பூரம் காட்டி வெச்சதுக்கா" என்று வசந்தா தடுத்தாள். வெளியில் நின்ற பெண்களும் முணுமுணுத்தார்கள். ஆடி வெள்ளியில் வைத்த சாமியை யார் எடுப்பார்கள்? அவள் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் போய் ஒரு வெற்றிலையைப் பிடித்துக்கொண்டு பென்டிரைவை உருவி அதன் மேல் வைத்தேன். என் கை சுடவில்லை.

அவள் அணைத்துப் போட்டாள், மெஷின் முழித்தது. அவள் உட்கார்ந்து கறுப்புப் பலகையைக் கொண்டுவந்தாள். முதலில் வரிசையைக் காட்டச் சொன்னாள். மூணு, பூஜ்யம், ஒண்ணு. அப்புறம் தட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். முட்டை.

"நிலையாவா?"

"நிலையா. டிஸ்க்கு மொதல்ல, குச்சி ரெண்டாவது, ஒயரு மூணாவது. இனிமே நீங்க குச்சியைச் சொருகிட்டே மெஷினைப் போடலாம். ஆனா அது மொதல்ல குச்சியைப் பாக்காது. எழுந்த அப்பாலதான் பாட்டு." என்டர் பொத்தானுக்கு மேல் விரலை நிறுத்திவிட்டாள். "நீங்க சொன்னாதான் தட்டுவேன்."

"அப்போ ஆத்தா ரெண்டாவதா?" என்றாள் வசந்தா. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நிற்க வைப்பது என்றால் என்ன என்று அறிந்தவர்கள் அவர்கள். சாமியையும் பின்னால் நிறுத்தவா என்று அவர்கள் கண் கேட்டது. எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் குழம்பிவிட்டது. லாரி வாசலில் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து ஆபீசர் இறங்கினார்.

"சாமி எங்க நின்னாலும் சாமிதான்" என்றேன். "பால் நின்னா தயிரு. தட்டு."

தட்டினாள். வரிசையைத் திரும்பக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். மெஷின் முழித்திருக்கிறது, தராசு பேசத் தயாராக இருக்கிறது, பாலை ஊற்ற வேண்டியதுதானே? அவள் என்ன செய்தாள் தெரியுமா? பென்டிரைவை வெற்றிலையிலிருந்து எடுத்துச் சொருகிவிட்டு, முழித்திருந்த மெஷினை அணைத்துவிட்டாள்.

எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆபீசர் வாசல்படியில் நின்று, "என்னம்மா, இன்னிக்கும் பேஜாரா?" என்றார்.

"இன்னாடி பண்ண?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாத்தினது நிக்குதான்னு பாக்காம போவ மாட்டேன், பெரிம்மா."

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பொத்தானை அமுக்கினாள். கறுப்பு. நான் எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். கரை மேல் நடப்பதை நினைத்துக்கொண்டேன். பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. தராசு சத்தம் கொடுத்தது. வசந்தா ஏதோ அமுக்க, அம்மன் பாட்டு கணீரென்று கிளம்பியது. ஆபீசர் கையை உயர்த்திக் கும்பிட்டுவிட்டு லாரிப் பக்கம் போனார். கடைசிக் கேன் வரைக்கும் ஏறிற்று.

சொசைட்டி பிழைத்தது. நான் அவளுக்குப் பொங்கல் வைத்துக் கொடுத்தேன். "இன்னிக்கு மட்டும்" என்று உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலை. பாதிப் பால் ஊற்றியாகிவிட்டது. கரைப் பக்கமிருந்து ஒரு பெண்பிள்ளை இடுப்பில் கேனோடு நடந்து வந்தார். கிட்ட வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. பெரிய தெரு அம்மா. எங்களுக்கு முன்னால் சாவகாசமாகப் போய் நிற்பாரே, அவரேதான். மூச்சு வாங்கியது. தலை நரைத்திருந்தது, என்னைப் போலவே.

"எங்க மெஷினு எய்ந்திரிக்கல" என்றார். "அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு வந்து பாத்துக்கினு கீது. இப்போதிக்கு ஆவாது, இங்க போனா லாரி புடிக்கலாம்னு சொல்லிச்சு." வரிசையைப் பார்த்தார். "எங்க நிக்கணும்?"

பதில் சொல்ல நான் எத்தனையோ வருஷமாகத் தயாராக இருந்தேன். கரையில் நடக்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதில்கள் உண்டு. அன்றைக்கு அவற்றில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"வந்தவங்களுக்குப் பின்னாடி நில்லும்மா" என்றேன்.

கடைசியில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். ஒருவரும் முன்னால் போகவில்லை. அவர் முறை வந்தது, ஊற்றினார், லாரியில் ஏறிற்று, போனார்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள், ஸ்கூட்டரை அணைக்காமலே. "வந்தாங்களா? எங்க நிறுத்தினீங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

"அது நிலையா, இன்னிக்கு மட்டுமா, பெரிம்மா?"

"எங்க சொசைட்டில அதான் வயக்கம். யாரு வந்தாலும் வந்த வரிச."

"நாளிக்கும்?"

"நாளிக்கும்."

தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. கடையைக் காலி பண்ணிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. பழையசீவரம் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பெங்களூர் போய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். எப்போதும் இரண்டு பேச்சுதான். கோபித்துக்கொண்டு போனாளா, அவள் கணக்கில் இங்கே இருந்ததே ஒரு தடவைக்குத்தானா, எனக்குத் தெரியவில்லை.

அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போன மறுநாள் விடியுமுன் நானும் வசந்தாவும் பூட்டைத் திறக்கப் போனோம். கதவோரம் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். டார்ச் அடித்தேன். பெரிய தெரு அம்மா. கேன் பக்கத்தில். தலையில் ஈரம்கூடக் காயவில்லை. எழுந்து, புடவையை உதறிவிட்டு, முதல் ஆளாக நின்றார்.

பின்னாலேயே எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். வசந்தா, "அத்தே, இன்னா பண்றது?" என்று காதில் கேட்டாள்.

நான் வாக்குச் சுத்தத்தில் செய்தேனா, வேறு வழியில்லாமல் செய்தேனா, சத்தியமாகத் தெரியாது. "ஊத்துங்கம்மா" என்றேன். அவர் பாலைத்தான் முதலில் ஊற்றினோம். மெஷின் கொழுப்பைக் காட்டியது. என் மாட்டுப் பாலைவிடக் குறைவுதான். அதையும் மெஷின்தான் சொன்னது.